ஏழாம் தட்டு

மட்டாஞ்சேரி ஜெட்டியில் படகை விட்டு இறங்கியபோது தூறிக்கொண்டிருந்தது. சுதர்ஷன் குடையை விரிக்கவில்லை. பஜார் ரோட்டில் ஒரு அரிசி லாரி குறுக்கே நின்று வழியை அடைத்திருந்தது. சுமைக்காரர்கள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மூட்டை இறக்கினார்கள். லாரிக்கும் சுவருக்கும் நடுவில் உடம்பைச் சரித்து நுழைந்து அந்தப் பக்கம் போனான். புது வேலையில் முதல் நாள்.

கட்டடம் ஒரு காலத்தில் சுக்குக் கிடங்கு. நீளமாக, ஓடு வேய்ந்து, ஜன்னலே இல்லாமல் இருந்தது. முகப்பில் கனத்த மரக்கதவு. அதைத் தாண்டினால் புதிதாகப் போட்ட கண்ணாடிக் கதவு. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஸ்டூல். ஸ்டூலில் செல்லதுரை. அருப்புக்கோட்டைப் பக்கத்து ஆள். அங்கே காவலும் அவன்தான், கூட்டித் துடைப்பதும் அவன்தான்.

"புது சாரா? செருப்ப இங்கிட்டுக் கழட்டுங்க. குடையும் இங்கதான். உசுர மட்டும் உள்ள கொண்டு போகலாம்."

சுதர்ஷன் சிரிக்கவில்லை. செல்லதுரை விடவில்லை.

"சுக்கு மூட்டை கெடந்தப்ப எலி அப்பிடிக் கெடந்துச்சாம். இப்ப ஒண்ணுகூட இல்ல. எலிக்குச் செய்யறத மனுசனுக்குல்ல செய்யறீங்க? அதப் பாத்துட்டு ஓடிருச்சு."

உள்ளே வெள்ளைப் பலகைகளால் புதுச் சுவர் எழுப்பியிருந்தார்கள். பலகைக்குப் பின்னால் பழைய சுவர் அப்படியே இருந்தது. மழை நாளில் அது வேர்க்கும். வேர்க்கும்போது பல வருடத்துச் சுக்குத் தூசி பலகை இடுக்குகள் வழியாகக் கசிந்து வரும். மூக்கின் உள்பக்கத்தில் காரமாக ஒட்டிக்கொள்ளும். மற்றபடி லேபில் வேறு வாசனை இல்லை. இன்குபேட்டர்களுக்குள் வாயு நுழையும் மெல்லிய சீறல் மட்டும் கேட்கும்.

லேபின் தலைவி டாக்டர் அம்ருதா. அம்மா பாலக்காட்டுச் சித்தூர் தமிழ், அப்பா மலையாளி. அவள் தமிழ் இரண்டுக்கும் நடுவில் ஓடும்.

"வாங்க சுதர்ஷன். சாயா குடிச்சாச்சா? இங்க ஆளுக்குப் பேர் கிடையாது, கேட்டீங்களா. நம்பர்தான். எது யாரோடதுன்னு ஸ்டாஃபுக்குத் தெரியவே கூடாது. அதாக்கும் ரூல்." அக்கம்பக்கம் பார்த்தாள். "நீங்க கேக்க மாட்டீங்களா?"

"கேக்கல."

"ஏழு," என்றாள்.

அவன் மனைவி ஸாதனா செத்துப் பத்து மாதம் ஆகியிருந்தது. இருபத்தேழு வயது. நுரையீரல் உள்ளேயிருந்து கெட்டிப்பட்டுக்கொண்டே வந்தது. ஏன் என்று எந்த டாக்டருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஒரு துண்டு வெட்டி எடுத்தார்கள். பரிசோதனை போக மிச்சத்தைக் கேட்டு அம்ருதா ஐசியூ வாசலுக்கு வந்தாள். எங்களுக்குக் கொடுத்தால் வளர்ப்போம், அதில் மருந்துகளைப் போட்டுப் பார்ப்போம், நாளைக்கு வேறு ஒருத்திக்கு உதவும் என்றாள். சுதர்ஷன் தலையாட்டினான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தொண்டையில் குழாயோடு ஸாதனா கண்ணைத் திறந்துதான் படுத்திருந்தாள்.

தேவராவில் இறால் ஏற்றுமதிக்காரர்களுக்குச் சோதனை செய்து கொடுக்கும் ஒரு லேபில் அவன் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அதை விட்டுவிட்டு அம்ருதாவிடம் வந்து வேலை கேட்டான். அவள் யோசிக்கவேயில்லை.

"ஞாயித்துக்கிழமையும் வந்து தீனி வெக்கணும். மத்தவங்க லீவு கேப்பாங்க. நீங்க கேக்க மாட்டீங்க."

சரியாகத்தான் சொன்னாள்.

வேலை சிக்கலானதல்ல. ஒரு தட்டில் இருபத்து நான்கு குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஒரு மெல்லிய சவ்வு. சவ்வின் மேல் நோயாளியின் நுரையீரல் செல்கள். அடியில் இளஞ்சிவப்பு நீர்தான் சாப்பாடு. மேலே வெறும் காற்று. சில வாரங்களில் அது செல் கூட்டமாக இராமல் ஒரு குட்டி நுரையீரல் தோலாகிவிடும். சளி சுரக்கும். கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் முளைத்து அந்தச் சளியைத் தள்ளும். அப்புறம் அதற்கு நோயைக் கொடுப்பார்கள். நோய்க்கு மருந்தைக் கொடுப்பார்கள். மருந்து தப்பாகிப் போனால் ஆள் சாகமாட்டான். குழி சாகும். அவ்வளவுதான்.

அம்ருதா ஏழாம் தட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துவிட்டு விலகினாள்.

சுதர்ஷன் குனிந்து பார்த்தான்.

தோல் நிறத்தில் ஒரு வெளி. அதன் மேல் இழைகள் அலையலையாக அடித்துக்கொண்டிருந்தன. மேலே சளி ஒரு சக்கரம் போல மெதுவாகச் சுழன்றது. அவளை எரித்து, சாம்பலை ஆலுவா ஆற்றில் கரைத்தாகிவிட்டது. இது மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அழுகை வரவில்லை. மூச்சை மட்டும் தன்னை அறியாமல் பிடித்துக்கொண்டான்.

சக்கரம் நின்றது.

மூச்சை விட்டான்.

சுழன்றது.

"அழகா அடிக்கறதில்லே?" என்றாள் அம்ருதா. அவள் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

மழைக்காலம் முடியும் வரை அப்படியே போயிற்று. காலையில் படகு. பகல் முழுக்க ஜன்னல் இல்லாத வெளிச்சம். சாயங்காலம் படகு. ஏழாம் தட்டை மட்டும் அவன் கடைசியில்தான் எடுப்பான். மற்ற தட்டுகளை முடித்து, கையுறை மாற்றிக்கொண்டு, அதற்கு மட்டும் நிதானமாக நீர் மாற்றுவான். எதுவும் பேசமாட்டான். கல்யாணமான இரண்டு வருடத்திலும் அவன் அதிகம் பேசியவன் இல்லை. பேச்சு ஸாதனாவுடையது.

ஒரு நாள் மாமியார் சீதாலக்ஷ்மி ஃபோன் செய்தாள். பாலக்காட்டிலிருந்து. உறவில் யாரோ சொல்லி அவளுக்கு விஷயம் போயிருந்தது.

"மாப்ளே, நான் ஒண்ணு கேக்கட்டுமா?"

"சொல்லுங்கோ அம்மா."

"என் கொழந்தைய எரிச்சாச்சு. கரைச்சாச்சு. எங்க கைல ஒண்ணும் இல்லே. உங்களுக்கு மட்டும் கொஞ்சம் மிச்சம் வெச்சுண்டேளா?"

அவன் ஃபோனை மறு காதுக்கு மாற்றினான்.

"மூச்சு முட்டி முட்டித்தானே போனா? இன்னும் முட்டறதா அவளுக்கு அங்க?"

ஃபோனை அவளே வைத்தாள். அதற்குப் பிறகு அவள் அழைக்கவில்லை.

அக்டோபரில் ஏழு வாடத் தொடங்கியது. எல்லாச் செல்லுக்கும் ஒரு முதுமை உண்டு. சில தலைமுறைகளுக்குப் பிறகு வளராது. இழைகள் சோம்பின. சளி காய்ந்து திட்டுத் திட்டாக நின்றது. சவ்வில் பொத்தல்கள் விழுந்தன. அதே செல்லை உறையவைத்திருந்த குப்பிகளை எழுப்பிப் பார்த்தார்கள். எழவில்லை.

"திங்கக்கிழமை கொதிக்க வெச்சுக் களஞ்சுருங்க," என்றாள் அம்ருதா. "பாவம், நல்லா ஓடின தட்டு."

"ஃபீடர் வெச்சுப் பாக்கலாமே?"

"அய்யோ சுதர்ஷன்! இருக்கறதே கொஞ்சம். செத்ததுக்கு எதுக்கு சோறு?" சொன்ன பிறகு அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். அவன் தோளில் லேசாகத் தட்டினாள். "நான் ஏழாம் தட்டச் சொன்னேன்."

தனியாக நிற்க முடியாத செல்களுக்கு அடியில் வேறு உயிருள்ள செல்களைப் பரப்புவது லேபில் உள்ள வழக்கம். அதற்குத்தான் ஃபீடர் என்று பேர். மேலே இருப்பதற்கு வேண்டியதையெல்லாம் அவை சுரந்து கொடுக்கும். கொடுத்துவிட்டுச் சாகும். பரப்புவதற்கு முன்னால் அவற்றுக்கு ஒரு மருந்து போட்டு வளர்ச்சியை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் அவையே பெருகி மேலே இருப்பதை மூடிவிடும். உயிர் இருக்கும், பெருக்கம் இருக்காது. அதுதான் ஃபீடர். வழக்கமாக எலியின் செல். வெளியூரிலிருந்து ஐஸில் வரும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சுதர்ஷன் தனியாக இருந்தான். எலிச் செல்லைத் தொட்டால் அம்ருதாவுக்குத் தெரிந்துவிடும். தொடவில்லை. ஆரோக்கியமான ஆளுடையதோடு ஒப்பிட்டுப் பார்க்க லேப்காரர்களின் மூக்கிலேயே சிறு பிரஷ்ஷை விட்டுச் செல் எடுத்து வளர்ப்பார்கள். அவனுடையதும் ஒரு குடுவையில் கொழுகொழுவென்று வளர்ந்திருந்தது.

அதை எடுத்தான். நிறுத்தும் மருந்துக் குப்பியையும் எடுத்தான். மூடியைத் திறந்து, கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான்.

பிறகு மூடித் திரும்ப வைத்துவிட்டான்.

படித்தவன் யாரும் அதைச் செய்யமாட்டான். அவனுக்கு விதி தெரியும். தெரிந்தே, தன்னுடையதை அப்படியே, உயிரும் வளர்ச்சியுமாக, இருபத்து நான்கு குழியிலும் அவளுக்கு அடியில் பரப்பினான். நிறுத்தி வைத்த ஆளாக அவளுக்குக் கீழே படுக்க அவனுக்கு மனம் வரவில்லை. மேலே கிடந்தவை அசைவில்லாமல் கிடந்தன.

இன்குபேட்டரின் கதவைச் சாத்தும்போது உள்ளேயிருந்து ஒரு சத்தம்.

நீண்ட நாள் கழித்து ஒருத்தி மூச்சை உள்ளே இழுப்பது போல.

*

கணக்குப்படி அவனுடைய செல்கள் பெருகி அவளை மூடியிருக்க வேண்டும். நடந்தது வேறு.

திங்கட்கிழமை அவன் தயங்க, அம்ருதாவே குப்பையில் போடத் தட்டை எடுத்தாள். ஒரு தரம் பார்த்துவிட்டுப் போடலாம் என்று மைக்ராஸ்கோப்பில் வைத்தவள் நிமிரவேயில்லை.

"எந்தா இது... சுதர்ஷன், இங்க வாங்க. இவ எழுந்துட்டா."

பொத்தல்கள் மூடியிருந்தன. இழைகள் அடித்தன. சளிச் சக்கரம் முன்னைவிட வேகமாகச் சுழன்றது. அடுத்த சில நாளில் தோல் தடித்தது. ஒரு வாரத்தில் அந்த லேபில் அவ்வளவு ஆரோக்கியமான தட்டு வேறு இல்லை.

யாரும் இல்லாத நேரத்தில் சுதர்ஷன் அடிப்பக்கத்தைத் தேடினான். தன்னுடையதைத் தேடினான். ஒவ்வொரு குழியாகப் பார்த்தான்.

ஒன்றுகூட இல்லை.

செத்துப்போனால் சக்கை மிதக்கும். சக்கையும் இல்லை.

அம்ருதா சந்தேகம் வந்து, கலப்படம் ஏதாவது இருக்கிறதா என்று வெளியே ஒரு இடத்துக்கு அனுப்பிச் சோதித்தாள். சுத்தம் என்று வந்தது. ஒரே பெண். முழுக்க முழுக்க அவள்.

அந்த வாரம்தான் அவனுக்குச் சுக்கு வாசனை போயிற்று. மழை பெய்தது, சுவர் வேர்த்தது, ஒன்றும் வரவில்லை. காப்பி வாசனை போயிற்று. தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் வாசனை போயிற்று. காலையில் முகம் கழுவினால் மூக்கிலிருந்து மெல்லிய சிவப்பு இழை இறங்கியது. ஜெட்டியில் படகு பிடிக்க ஓடினால் பாதி வழியில் நிற்க வேண்டியிருந்தது.

"என்ன சாமி, ஆளு பாதியாயிட்டீங்க?" என்றான் செல்லதுரை. "டாக்டரம்மா உங்களயும் தட்டுல ஊத்திட்டாங்களா?"

சுதர்ஷன் அவனைப் பார்த்த பார்வையில் அவன் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

நவம்பரில் அம்ருதா அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். முகம் மலர்ந்திருந்தது.

"ஏழை வெச்சுப் பெரிய பரீட்சை ஒண்ணு பண்ணலாம். இவ்வளவு நல்ல தோல் வேற கிட்டாது. ஒரு புற்றுநோய் மருந்து உண்டு, தெரியும்ல? அதோட கெட்ட குணம், நுரையீரல்ல தழும்பு போடும். அதக் குடுத்து முதல்ல கெட்டியாக்கணும். அப்புறம் நம்ம புது மருந்து இளக்குதான்னு பாக்கலாம். அடுத்த வாரம்."

"கெட்டியாக்கறதுன்னா..."

"ஆமா. பழைய நோய்தான். இருபத்து நாலு குழியிலயும்." விரலால் மேசையில் தாளம் போட்டாள். "நீங்கதான் போடணும். உங்க கைதான் ஆடாது."

அவன் எழுந்து நின்றான். அறைக்கு வெளியே நடைவழி நீளமாக இருந்தது. கடைசியில் இன்குபேட்டரின் சிறு பச்சை விளக்கு.

ஒரு தரம் மூச்சு முட்டிச் செத்தவள். அவளைச் சாகவிடாமல் பிடித்து வைத்தது அவன்தான். இப்போது இருபத்து நான்கு தரம்.

*

அந்த வாரத்தில் ஒரு ஹர்த்தால் வந்தது. படகு இல்லை. பஸ் இல்லை. சுதர்ஷன் ஸ்கூட்டரில் தோப்பும்படி வழியாக வந்தான். பஜார் ரோட்டில் எல்லாக் கடையும் சாத்தியிருந்தது. ஒரு சுமைக்காரன்கூட இல்லை. நடுத்தெருவில் ஆடுகள் படுத்திருந்தன.

"இன்னைக்குமா சாமி?" என்றான் செல்லதுரை. "அதுங்களுக்கும் ஹர்த்தால் விட்டா என்ன?"

"பசிக்கும்," என்றான் சுதர்ஷன். அதைச் சொல்ல அவன் நினைக்கவேயில்லை.

உள்ளே போய்க் கண்ணாடிக் கதவைத் தாழிட்டான். தீனி வைக்க அவன் வரவில்லை. பிளீச் பாட்டிலை எடுத்துப் பிப்பெட்டில் நிரப்பினான். அம்ருதா கேட்டால் கெட்டுப்போயிற்று என்று சொல்லிவிடலாம். எல்லாத் தட்டும் ஒரு நாள் கெடுகிறதுதான்.

ஏழாம் தட்டை மேசைக்குக் கொண்டுவந்தான். மூடியைத் திறந்தான்.

மின்சாரம் போயிற்று.

ஜன்னல் இல்லாத கட்டடம். நடுப்பகலிலேயே கண்ணுக்குள் விரலை விட்டாலும் தெரியாத இருட்டு. ஏசி நின்றது. வாயுவின் சீறல் நின்றது. ஜெனரேட்டர் எழும் என்று காத்திருந்தான். எழவில்லை.

அப்போதுதான் கேட்டது.

மிக மெல்லிய சத்தம். காய்ந்த இலைகளை யாரோ ஒவ்வொன்றாக நசுக்குவது போல.

தட்டிலிருந்து.

ஸாதனாவின் முதுகில் காதை வைத்தால் கடைசி மாதங்களில் கேட்ட சத்தம் அது.

அவன் கை தானாக நீண்டது. விரலால் தடவி ஓரத்துக் குழியைக் கண்டுபிடித்தான். பிப்பெட்டை அழுத்தினான். ஒரு சொட்டு.

நெஞ்சுக்குள் இடது பக்கம் தீ வைத்தது போல எரிந்தது. அவன் மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். வாயில் பிளீச் கசந்தது. பல வாரமாக எந்த வாசனையும் தெரியாத மூக்கில் பிளீச் நாறியது.

இருட்டில் சத்தம் நின்றது.

"ஏன்னா..."

அவன் அசையவில்லை.

"பசிக்கறது."

குரல் குழாய் போடுவதற்கு முந்தைய குரல். குழாய் போட்ட பிறகு அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. சாப்பிடவும் இல்லை. மூக்கு வழியாக ஏதோ வெள்ளைத் திரவம்தான் போயிற்று.

"ஸாதனா," என்றான். "போறும்டீ. போயிடு."

"பசிக்கறது."

"அடுத்த வாரம் உன்னை மறுபடி..."

"அது எனக்கு இல்லே," என்றது குரல். மிக நெருக்கத்தில். மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரவில்லை. அவன் தொண்டைக்குப் பக்கத்தில்.

அவன் தொண்டையைத் தடவிப் பார்த்தான். பிறகு பிப்பெட்டைக் கீழே வைத்தான். இழுப்பறையைத் தடவி ஒரு பிரஷ்ஷை எடுத்து உறையைக் கிழித்தான். இருட்டிலேயே மூக்குக்குள் விட்டுத் திருகினான். வழக்கமாக லேசாகத்தான் தேய்க்க வேண்டும். அவன் அழுத்தித் தேய்த்தான். சூடாக உதட்டில் இறங்கியது.

குடுவையில் வளர்க்கவில்லை. நேராகக் குழிகளில் வைத்தான். ஒவ்வொன்றிலும்.

குழந்தைக்கு ஊட்டுவது போல இருந்தது அது. வாயைத் திற, இன்னும் கொஞ்சம், அவ்வளவுதான். அவனுக்கு முதல் தடவையாகக் கண் கலங்கியது.

மின்சாரம் வந்தபோது தட்டு சுத்தமாக இருந்தது. ஒரு துளி ரத்தம்கூட இல்லை. பிளீச் விழுந்த ஓரத்துக் குழியில் மயிரிழைகள் ஆனந்தமாக அடித்துக்கொண்டிருந்தன.

வெளியே வந்தவனைப் பார்த்துச் செல்லதுரை எழுந்து நின்றுவிட்டான்.

"சாமி, மூஞ்சி பூரா ரத்தம்."

"தெரியும்."

"உள்ள யாரு கூடப் பேசினீக?"

சுதர்ஷன் செருப்பை மாட்டிக்கொண்டான்.

"பொம்பளச் சத்தம் கேட்டுச்சு சாமி," என்றான் செல்லதுரை. அவன் குரலில் இப்போது கேலி இல்லை. "சாப்பிட்டு முடிச்ச மாதிரி ஏப்பம் விட்டுச்சு."

*

மருந்து போடும் நாள். அம்ருதா பக்கத்தில் நின்றாள். சுதர்ஷன் கை ஆடவில்லை. முதல் குழி. நெஞ்சில் ஏதோ சுருங்கியது. இரண்டாவது. மூன்றாவது. ஒவ்வொரு சொட்டுக்கும் உள்ளே ஒரு ஜன்னலைச் சாத்துவது போல இருந்தது. கடைசி வரிசைக்கு வந்தபோது அவனால் மேல்மூச்சுதான் விட முடிந்தது.

"வேர்க்குதே உங்களுக்கு? உட்காருங்க," என்றாள் அம்ருதா. "மிச்சம் நாலு. நான் போட்டுக்கறேன்."

"வேண்டாம்," என்றான். "நானே."

நான்கையும் அவனே போட்டான்.

நான்கைந்து நாளில் தோல் கெட்டிப்பட வேண்டும். அம்ருதா தினமும் வந்து பார்த்தாள். இழைகள் அடித்தன. சளி சுழன்றது. ஒரு தழும்பு இல்லை. மருந்தின் அளவை இரட்டிப்பாக்கினாள். அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. அவள் துள்ளிக் குதிக்காத குறை.

"நோயைத் தொடவே விடமாட்டேங்கறா! எங்கயோ தள்ளி விடறா, சுதர்ஷன். எங்கேன்னு கண்டுபிடிச்சா போதும், நாம எங்கயோ போயிடலாம்."

அவள் திரும்பிப் பார்த்தபோது சுதர்ஷன் தரையில் உட்கார்ந்திருந்தான். உதடு நீலமாக இருந்தது. செல்லதுரைதான் அவனைத் தூக்கித் தோளில் போட்டு, பஜார் ரோட்டில் அரிசி லாரிகளுக்கு நடுவில் கத்திக்கொண்டே ஓடி, ஆட்டோவில் ஏற்றினான்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் இரண்டாவது முறை எடுக்கச் சொன்னார். முதல் படம் வேறு யாருடையதோ என்று நினைத்துவிட்டார். பத்து வருடத்தில் ஆகிற கெட்டிப்பு, இரண்டு பக்கமும், அடியிலிருந்து உச்சிவரை. இவருக்குப் புகைப் பழக்கம் உண்டா, கல் உடைக்கும் வேலையா, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டார்.

"மனைவிக்கு," என்றான் சுதர்ஷன்.

"அது கணக்கில்லை. ரத்த சம்பந்தம் வேண்டும்," என்றார் டாக்டர்.

*

ஒரு மாலை அம்ருதா பார்க்க வந்தாள். கையில் ஆரஞ்சுப் பழம். வார்டில் வெயில் சரிந்து விழுந்தது. பக்கத்துக் கட்டிலில் வைப்பின் தீவைச் சேர்ந்த ஒரு கிழவர் தூங்கிக்கொண்டிருந்தார். சிஸ்டர் ஒருத்தி மூலையில் மருந்துக் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

ஆக்சிஜன் மாஸ்க்குக்கு மேல் சுதர்ஷனின் கண்கள் மட்டும் இருந்தன.

"ஏழு நல்லா இருக்கா," என்றாள் அம்ருதா. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "செல்லதுரை ஓடிப் போயிட்டான், தெரியுமோ? சம்பளம்கூட வாங்கல. இன்குபேட்டர்ல யாரோ பாடறாங்கன்னான். கிறுக்கு."

அவன் கண்ணை மூடித் திறந்தான்.

"ஒரு விஷயம் சுதர்ஷன். வருத்தப்படக் கூடாது." அவள் குரலைத் தாழ்த்தினாள். "நாளைக்கு உங்களுக்கு பயாப்ஸி எடுக்கறாங்களாமே. மிச்சம் வருமில்லே. அத எங்களுக்குத் தரலாமா? உங்க ரெண்டு பேரோடதும் சேர்த்து வெச்சுப் பாத்தா... சயின்ஸுக்கு எவ்வளவு பெரிய விஷயம், யோசிச்சுப் பாருங்க. நீங்க வேணாம்னா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

சுதர்ஷன் தலையை இடமும் வலமும் ஆட்டினான். தெளிவாக. மறுபடி ஆட்டினான். கழுத்து நரம்பு புடைத்தது. கட்டில் கம்பியைப் பிடித்த கை வெளுத்தது.

மாஸ்க்குக்குள் வாய் திறந்தது.

அவன் திறக்கவில்லை.

"அவர் குடுப்பார்," என்றது. "எடுத்துக்கோங்கோ."

மூலையில் இருந்த சிஸ்டர் திரும்பிப் பார்த்தாள். எந்தப் பெண் பேசியது என்று வார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தேடினாள். அம்ருதா எங்கேயும் தேடவில்லை. ஆரஞ்சுப் பழத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுதர்ஷன் வாயை மூடப் பார்த்தான்.

மூட முடியவில்லை.

"நெறையவே குடுப்பார்," என்றது.